பரண்ல கெடக்குற பழைய ஸ்டீரியோ செட்டை கம்மி செலவுல தேத்துறது எப்படி: முழுமையான வழிகாட்டி

80கள்லயும் 90களோட ஆரம்பத்துலயும் துபாய், சவுதி, சிங்கப்பூர் போய்ட்டு வந்தவங்க தூக்கிட்டு வந்த அகாய், சான்சுய், கென்வுட், பயோனியர் செட்டு, இல்லன்னா பர்மா பஜார்ல பேரம் பேசி வாங்கினது, அதுவும் இல்லன்னா நம்ம ஊர்லயே செஞ்ச கொல்கத்தா சோனோடைன், பம்பாய் காஸ்மிக், பிலிப்ஸ், இதுல ஏதாவது ஒண்ணு இன்னும் எத்தனையோ வீட்டு பரண்ல துணி மூடி கெடக்குது. ஆன் பண்ணா கரகரங்குது, ஒரு பக்கம் மட்டும் பாடுது, பேஸ் செத்துப்போச்சுன்னு சொல்லி பழைய இரும்புக்கு போட்டுட்டு, பத்தாயிரம் பன்னெண்டாயிரம் குடுத்து ஒரு சவுண்ட்பார் வாங்கி வைக்கிறாங்க. அந்த காசுல பாதி இருந்தாலே பழைய செட்டை அதைவிட நல்லா பாட வைக்கலாம்.

ஆனா காசை எந்த வரிசைல செலவு பண்றோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. நிறைய பேர் எடுத்த எடுப்புல ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) மாத்துவாங்க, இல்லன்னா தடி தடியா வயர் வாங்குவாங்க. பழைய செட்டுல சத்தம் கெட்டுப்போறதுக்கு காரணம் பெரும்பாலும் அழுக்கு, காய்ஞ்சுபோன கண்டென்சர், பொடிஞ்சுபோன ஸ்பீக்கர் ஃபோம் இந்த மூணுதான். முதல்ல செட்டை அது புதுசுல எப்படி இருந்துச்சோ அந்த நிலைக்கு கொண்டு வரணும், அப்புறம்தான் அப்கிரேடு. ஆறாயிரம் ரூபாய்க்குள்ள முடியுற மாதிரி சொல்றேன், எதுல மிச்சம் பிடிக்கலாம்னு அங்கங்க சொல்லிடறேன்.

ப்ளக்கை சொருகுறதுக்கு முன்னாடி

பரண்ல இருந்து இறக்கின உடனே ஆசையா கரண்ட் குடுத்துடாதீங்க. பின்னாடி திருப்பி வோல்டேஜ் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. வெளிநாட்டு செட்டு பலதுல ஸ்க்ரூ டிரைவர் வெச்சு திருப்புற மாதிரி ஒரு செலக்டர் இருக்கும், 110, 120, 220, 240னு எழுதியிருக்கும். நம்ம ஊர் லைன் 230, ராத்திரில அது 245 வரைக்கும் கூட ஏறும், அதனால செலக்டர்ல 220 வேணாம், 240ல வைங்க, செட்டு சூடு கம்மியாகும். செலக்டரே இல்லாம 100 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா அது ஜப்பான் உள்ளூர் மாடல். 120ன்னு இருந்தா அமெரிக்கா மாடல். இதை நேரா சொருகினா அன்னிக்கே கதை முடிஞ்சுது. அதுக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் வேணும், செட்டு பின்னாடி எத்தனை வாட் இழுக்கும்னு எழுதியிருக்கோ அதைவிட ஒன்றரை மடங்கு தாங்குற மாதிரி வாங்குங்க.

ஜப்பான் உள்ளூர் மாடல்ல இன்னொரு தொல்லை இருக்கு, அந்தக் காலத்துல அவங்க எஃப்எம் 76ல ஆரம்பிச்சு 90 மெகாஹெர்ட்ஸ்ல முடிஞ்சிரும். நம்ம சூரியன் 93.5, மிர்ச்சி 98.3 எதுவும் அதுல கிடைக்காது. ட்யூனர் ரிப்பேர்னு நெனச்சு மெக்கானிக்கிட்ட காசு குடுத்துட்டு வராதீங்க.

அப்புறம் மேல் மூடியை கழட்டுங்க, கரண்ட் இல்லாம. உள்ள பல்லி முட்டை, கரப்பான் பூச்சி, எலி கடிச்ச வயர்னு ஒரு குடும்பமே இருக்கும். பெயிண்ட் பிரஷ்ஷும் வேக்யூம் க்ளீனரும் போதும், இல்லன்னா சைக்கிள் பம்பு. ஃபியூஸை கழட்டி அதுல எழுதியிருக்குற ஆம்பியரை பாருங்க. யாராவது முன்னாடி செம்பு கம்பி சுத்தி வெச்சிருந்தா, சில செட்டுல சில்வர் பேப்பர் கூட இருக்கும், அதை தூக்கி எறிஞ்சுட்டு பின்னாடி போட்டிருக்குற அதே அளவு ஃபியூஸ் போடுங்க.

சீரீஸ் பல்பு போர்டு

எலக்ட்ரீசியன் எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி இது, உள்ள ஷார்ட் இருந்தா செட்டு எரியாம பல்பு தாங்கிக்கும். ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட், 60 வாட் குண்டு பல்பு, ஃபேஸ் வயர் (கரண்ட் வர்ற வயர்) பல்பு வழியா போய் அப்புறம் சாக்கெட்டுக்கு வர மாதிரி கனெக்ஷன். எல்இடி பல்பு கூடாது, குண்டு பல்புதான். இந்த வேலை பழக்கமில்லன்னா தெரிஞ்ச எலக்ட்ரீசியன்கிட்ட குடுத்து செஞ்சு வாங்குங்க, எறநூறு ரூபாய்ல முடிஞ்சுரும்.

ஸ்பீக்கரை கழட்டிட்டு செட்டை இந்த போர்டுல சொருகி ஆன் பண்ணுங்க. பல்பு ஒரு செகண்டு பளிச்னு எரிஞ்சு உடனே மங்கிடுச்சுன்னா நல்ல சகுனம், உள்ள இருக்குற பெரிய கண்டென்சர் சார்ஜ் ஆனதாலதான் அந்த பளிச். மங்காம எரிஞ்சுகிட்டே இருந்தா உள்ள எங்கயோ ஷார்ட், முக்கால்வாசி நேரம் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் இல்லன்னா பவர் சப்ளை டயோடு. ஆஃப் பண்ணிட்டு மெக்கானிக்கிட்ட போங்க. நேரா ப்ளக்ல சொருகியிருந்தா ட்ரான்ஸ்பார்மரும் சேர்ந்து போயிருக்கும், அந்த பழைய ட்ரான்ஸ்பார்மர்தான் செட்டுலயே விலை உயர்ந்த சாமான், திரும்ப கிடைக்காது.

கரகரப்பு: ஐநூறு ரூபாய் வேலை

வால்யூம் திருப்பும்போது கரகரன்னு வர்றது, தட்டினா ஒரு பக்கம் பாடுறது, இதுக்கெல்லாம் ஆம்ப் போச்சுன்னு அர்த்தமில்ல. வால்யூம் கண்ட்ரோல், பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ், ஸ்பீக்கர் ஏ பி சுவிட்ச் இது எல்லாத்துக்குள்ளயும் வருஷக்கணக்குல அழுக்கும் களிம்பும் ஏறியிருக்கும். காண்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே ஒரு டின் வாங்குங்க. ஒண்ணு கவனிங்க, கதவு கீல், சைக்கிள் செயினுக்கெல்லாம் அடிக்கிற சாதா டபிள்யூடி 40 இதுக்கு ஆகாது, அது எண்ணெய் படிய விட்டுரும், தூசி இன்னும் ஒட்டும். காண்டாக்ட் க்ளீனர்னே டின்ல எழுதியிருக்கணும்.

கண்ட்ரோல் பின்னாடி கால் இருக்குற இடத்துல சின்ன ஓட்டை தெரியும், அதுல கொஞ்சமா அடிச்சு ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் முப்பது நாப்பது தடவை திருப்புங்க. சுவிட்ச்சுக்கும் அதேதான், தட்டிக்கிட்டே இருங்க. அப்புறம் ஒரு மணி நேரம் காய விடுங்க. பின்னாடி சொருகுற ஆர்சிஏ சாக்கெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச பட்ஸ் வெச்சு துடைங்க. ஆன் பண்ணி சில செகண்டு கழிச்சு உள்ள டிக்குனு ஒரு சத்தம் வருதுல்ல, அது ஸ்பீக்கர் ரிலே, ஸ்பீக்கரை ஆம்போட தானா சேர்க்குற சுவிட்ச். ஒரு பக்கம் விட்டு விட்டு பாடுச்சுன்னா அதோட காண்டாக்ட் கருத்துருக்கும். தேய்ச்சு பார்க்கலாம், ஆனா புது ரிலேவே நூறு எறநூறுதான்.

என்னை கேட்டா பாதி செட்டு இந்த இடத்துலயே தேறிடும்.

ஸ்பீக்கர் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் டெஸ்ட்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேணும், ஐநூறு அறுநூறு ரூபாய்து போதும். வால்யூம் ஜீரோ, ஸ்பீக்கர் மாட்டல, செட்டு ஆன் பண்ணி அஞ்சு நிமிஷம் ஆச்சு. இப்ப மீட்டரை டிசி மில்லிவோல்ட்ல வெச்சு லெஃப்ட் ஸ்பீக்கர் டெர்மினல் ப்ளஸ் மைனஸ்ல வைங்க, அப்புறம் ரைட். 50 மில்லிவோல்ட்டுக்கு கீழ இருந்தா கவலையே இல்ல. 100ஐ தாண்டினா எங்கயோ கோளாறு ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். வோல்ட் கணக்குல காமிச்சா ஸ்பீக்கரை தப்பித்தவறிகூட மாட்டாதீங்க, உள்ள இருக்குற வாய்ஸ் காயில்ங்கற கம்பிச் சுருள் எரிஞ்சிரும். இந்த ரெண்டு நிமிஷ டெஸ்ட்டை பண்ணாம நல்ல ஸ்பீக்கரை காவு குடுத்தவங்க நிறைய பேர்.

கண்டென்சர்

இங்கதான் சால்டரிங் வேலை வருது. கை பழகாதவங்க மெக்கானிக்கிட்ட குடுங்க, ஆனா சாமானை நீங்களே வாங்கி குடுங்க, ஏன்னு சொல்றேன்.

எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்னு சொல்ற அந்த உருளை டப்பாக்குள்ள ஈரமான ஒரு திரவம் இருக்கு. முப்பது நாப்பது வருஷத்துல, அதுவும் பரண் சூட்டுல, அது காய்ஞ்சுரும். பவர் சப்ளைல இருக்குற பெரிய ரெண்டு காய்ஞ்சா பாட்டுக்கு பின்னாடி ம்ம்ம்னு ஹம்மிங் வரும், பேஸ் வரும்போது சத்தம் சோர்ந்து போகும். 70கள்ல வந்த பல செட்டுல, குறிப்பா சிங்கிள் சப்ளை ஆம்புல, ஸ்பீக்கருக்கு போற வழியிலயே 1000 இல்ல 2200 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கண்டென்சரோட அளவு) கண்டென்சர் ஒண்ணு தொடரா இருக்கும். அது காய்ஞ்சா பேஸ் அப்படியே வத்திப்போகும், ஜனங்க ஸ்பீக்கர் போச்சுன்னு நெனச்சு ஸ்பீக்கரை மாத்துவாங்க.

மாத்தும்போது எம்எஃப்டி அதே இருக்கணும், வோல்ட் அதே அளவு, இல்லன்னா அதைவிட அதிகமா இருக்கலாம், 105 டிகிரின்னு எழுதினதா பாருங்க. பவர் சப்ளைல இருக்குற பெரிய ஃபில்டர் கண்டென்சர் மட்டும் கொஞ்சம் ஏத்தி போடலாம், 4700க்கு பதிலா 5600 அளவுக்கு, ஆனா பேஸ் பின்னும்னு யாரோ சொன்னாங்கன்னு ரெண்டு மடங்கு மூணு மடங்கு போட்டா ஆன் பண்ற நொடியில டயோடு மேல பாரம் ஏறும். மைனஸ் கோடு எந்தப் பக்கம்னு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு ஒண்ணு ஒண்ணா கழட்டி ஒண்ணு ஒண்ணா மாட்டுங்க, எல்லாத்தையும் மொத்தமா பிடுங்கிட்டு அப்புறம் தேடாதீங்க. தலைகீழா மாட்டினா வெடிக்கும். சதுர சதுரமா தட்டையா இருக்குற ஃபிலிம் கண்டென்சரை தொடவே வேணாம், அது இன்னும் உங்க பேரன் காலம் வரைக்கும் ஓடும்.

ஆஃப் பண்ணாலும் பெரிய கண்டென்சர்ல சார்ஜ் நிக்கும், இதை மறக்காதீங்க. 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை இன்சுலேஷன் வயர் சேர்த்து ரெண்டு காலுக்கும் நடுவுல அரை நிமிஷம் பிடிச்சு, மீட்டர்ல ஜீரோ பக்கம் வந்துருச்சான்னு பார்த்துட்டு கை வைங்க. ஸ்க்ரூ டிரைவரை குறுக்க வெச்சு டமால்னு இறக்குற ஸ்டைல் வேணாம்.

சாமான் நீங்களே வாங்கணும்னு சொன்னேன்ல, காரணம் டூப்ளிகேட். ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்காத பொருளே இல்ல, அதே அளவுக்கு டூப்ளிகேட்டும் இருக்கு. பெரிய டப்பாக்குள்ள குட்டி கண்டென்சரை வெச்சு மூடி விக்கிறான், கையில எடுத்தா வெயிட்டே இருக்காது. நிச்சிகான், பானாசோனிக், ரூபிகான்னு எழுதினா மட்டும் நம்பாதீங்க, பில் போட்டு குடுக்குற கடைல வாங்குங்க. நம்ம கேரளா அரசோட கெல்ட்ரான் கண்டென்சரும் தாராளமா போடலாம். சான்யோ எஸ்டிகே ஐசி (மொத்த அவுட்புட் வேலையையும் செய்யுற சிப்) போட்ட செட்டா இருந்தா இன்னும் ஜாக்கிரதை, அதுல ஒரிஜினலை விட டூப்ளிகேட்தான் அதிகமா சுத்துது. ஐசி நல்லா வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா எக்காரணம் கொண்டும் மாத்த விடாதீங்க, அதுக்கு அடியில தெர்மல் பேஸ்ட் மட்டும் புதுசா தடவச் சொல்லுங்க.

மொத்த கண்டென்சரும் சேர்ந்து எண்ணூறு, ஆயிரத்துக்குள்ள அடங்கும். முடிச்சதும் திரும்பவும் சீரீஸ் பல்புலதான் முதல் ஸ்டார்ட்.

ஸ்பீக்கர்: இங்கதான் காசு போடணும்

ஆம்புக்கும் ஆம்புக்கும் காதுக்கு தெரியுற வித்தியாசம் கொஞ்சம், ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் மலைக்கும் மடுவுக்கும் இருக்கும். அதனால மிச்ச காசு எல்லாம் இந்தப் பக்கம்.

முன் துணியை கழட்டி வூஃபரோட (பேஸ் பாடுற பெரிய ஸ்பீக்கரோட) ஓரத்தை தொட்டுப் பாருங்க. ரப்பர், துணி, பேப்பர் ஓரம்னா பெரும்பாலும் இன்னும் நல்லாவே இருக்கும். ஃபோம் ஓரம்னா விரல் பட்டதும் பொடியா கொட்டும், காத்துல இருக்குற ஈரம்தான் அதை அரிச்சுரும், சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல இன்னும் சீக்கிரம். இதுக்கு வூஃபரை தூக்கிப்போட வேண்டியதில்ல. ஃபோம் ரிங் மட்டும் தனியா கிடைக்குது, 6.5, 8, 10, 12 இஞ்ச்னு. அளவெடுக்கும்போது ஸ்பீக்கரோட வெளி அளவு மட்டும் போதாது, கோன் (நடுவுல அசையுற கூம்பு) எங்க முடியுதோ அந்த உள் அளவையும் எடுத்துட்டு வாங்குங்க.

பழைய ஃபோமையும் கம்மையும் ஆல்கஹால் தொட்டு மெதுவா சுரண்டி எடுக்கணும், இதுதான் நேரம் பிடிக்கிற வேலை, அவசரப்பட்டா கோன் கிழியும். புது ரிங்கை முதல்ல கோன்ல ஒட்டி காய விட்டு, அப்புறம் வெளி ஃப்ரேம்ல ஒட்டுங்க. ஃபிரேம்ல ஒட்டும்போது ரெண்டு பக்கமும் விரல் வெச்சு கோனை ஒரே சீரா உள்ள தள்ளி விட்டு பாருங்க, சத்தமே இருக்கக்கூடாது, சரக் சரக்னு தேய்ஞ்சா வாய்ஸ் காயில் நடு சென்டர்ல இல்ல, கம் காயுறதுக்குள்ள நகர்த்தி சரி பண்ணிடுங்க. ஃபெவிகுவிக் மாதிரி கம் வேணாம், இறுகிப்போய் ஓரம் அசையாம ஆயிரும். ஒரு நாள் முழுக்க காய விடுங்க. கைக்கு வராதுன்னா ரீகோன் பண்ற கடைல குடுக்கலாம், ஆனா அவங்ககிட்ட ஃபோம் மட்டும் மாத்துங்கன்னு தெளிவா சொல்லிடுங்க, இல்லன்னா கோனையும் காயிலையும் சேர்த்து மாத்தி சத்தத்தையே மாத்தி குடுத்துருவாங்க.

பெட்டிக்குள்ள பேஸையும் ட்ரெபிளையும் பிரிச்சு அனுப்புற கிராஸ் ஓவர்னு ஒரு சின்ன போர்டு, ட்வீட்டருக்கு (ட்ரெபிள் பாடுற சின்ன ஸ்பீக்கருக்கு) முன்னாடி 3.3 இல்ல 4.7 எம்எஃப்டி மாதிரி ப்ளஸ் மைனஸ் இல்லாத ஒரு நான் போலார் கண்டென்சர் இருக்கும். இதுவும் காய்ஞ்சிருக்கும், அதனாலதான் ஜால்ரா, தாளம் எல்லாம் மூடி வெச்ச மாதிரி கேக்குது. அதே எம்எஃப்டில பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் கண்டென்சர் போடுங்க, ரெண்டு பெட்டிக்கும் சேர்த்து முன்னூறு நானூறு ரூபாய், இவ்ளோ கம்மி காசுல இவ்ளோ தெரியுற மாத்தம் வேற எதுலயும் இல்ல.

மாட்டும்போது ப்ளஸ் மைனஸ் ரெண்டு பெட்டியிலயும் ஒண்ணா இருக்கணும். சந்தேகம் இருந்தா 1.5 வோல்ட் பேட்டரி சின்னது எடுத்து ஸ்பீக்கர் கால்ல ஒரு நொடி தொடுங்க, கோன் வெளிய வந்தா பேட்டரி ப்ளஸ் தொட்ட இடம்தான் ஸ்பீக்கர் ப்ளஸ். ஒண்ணு நேராவும் ஒண்ணு தலைகீழாவும் இருந்தா பேஸ் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், பாடுறவர் குரல் நடுவுல நிக்காது.

ஒருவேளை ஸ்பீக்கர் நிஜமாவே போயிருந்தா செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க, அப்ப வாட்டை பார்க்காதீங்க, சென்சிட்டிவிட்டி டெசிபெல்லை பாருங்க. 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு வேண்டிய பவர்ல பாதி குடுத்தாலே 90 டெசிபெல் ஸ்பீக்கர் அதே சத்தம் குடுக்கும். பழைய 25 வாட் ஆம்புக்கு 90 டெசிபெல் பெட்டி கிடைச்சா நடு ஹாலுக்கு தாராளம். ஆயிரம் வாட் பிஎம்பிஓன்னு (விளம்பரத்துக்கு ஊதிப் போடுற வாட் கணக்கு) ஸ்டிக்கர் ஒட்டினதை எல்லாம் திரும்பிக்கூட பார்க்காதீங்க. இன்னொண்ணு ஓம்ஸ். 8 ஓம் கேக்குற ஆம்புல 4 ஓம் பெட்டியை மாட்டி வால்யூம் ஏத்தினா ஆம்ப் சூடாகி சாகும். மீட்டர்ல பார்த்தா 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு பக்கமும் 4 ஓம் மூணு, மூணரை பக்கமும் காமிக்கும்.

வயருக்கு ரொம்ப யோசிக்க வேணாம். எலக்ட்ரிக்கல் கடைல கிடைக்கிற 1.5 ஸ்கொயர் எம்எம் சுத்த செம்பு ஃபிளெக்ஸிபிள் வயர், அஞ்சு மீட்டருக்குள்ள அது போதும். அலுமினியத்து மேல செம்பு பூசின வயர் கண்ணாடி மாதிரி கவர்ல பளபளன்னு இருக்கும், அதை தவிருங்க.

போன்ல இருந்து பாட்டு

செட்டுல ஆக்ஸ், டேப், ட்யூனர்னு எந்த இன்புட் இருந்தாலும் அதுல போனை மாட்டலாம், ஃபோனோல மட்டும் கூடாது. ஃபோனோங்கறது ரெக்கார்ட் பிளேயருக்கு. முள்ளுல இருந்து வர்றது 5 மில்லிவோல்ட் அளவுதான், ரெக்கார்ட்ல பேஸை குறைச்சு ட்ரெபிளை கூட்டித்தான் வெட்டியிருப்பாங்க, அதை இந்த இன்புட் திருப்பிப் போட்டு பெருசாக்கும். அதுல போனை மாட்டினா கொழகொழன்னு வெடிச்சு கேக்கும்.

ஆயிரம் ரூபாய் பக்கத்துல டைப் சி டாங்கிள் ஒண்ணும், 3.5 பின்ல இருந்து ரெண்டு ஆர்சிஏவா பிரியுற வயரும் வாங்கினா வேலை முடிஞ்சுது. ப்ளூடூத் ரிசீவரும் ஓகே, ஆனா மலிவான சார்ஜர்ல போட்டா கிர்ர்னு சத்தம் வரும், பவர் பேங்க்ல போட்டு பாருங்க, சத்தம் போச்சுன்னா குத்தவாளி சார்ஜர்தான். பழைய ஆம்புக்கு 150 மில்லிவோல்ட் குடுத்தாலே முழு சத்தம் வந்துரும், இப்போதைய சிடி பிளேயர் 2 வோல்ட் குடுக்குது. அதனாலதான் வால்யூமை கொஞ்சம் திருப்பினதும் அலறுது. போன்ல வால்யூமை குறைச்சு வெச்சுக்கோங்க.

பிலிப்ஸ், கிரண்டிக் மாதிரி செட்டுல வட்டமா அஞ்சு ஓட்டை டின் (DIN) சாக்கெட் இருக்கும். டேப் சாக்கெட்ல 3ம் நம்பர் லெஃப்ட், 5 ரைட், 2 எர்த், இந்த மூணுலதான் பாட்டு உள்ள போகும். ரெடிமேடா கன்வெர்ட்டர் வயர் கிடைக்குது.

ரெக்கார்ட் பிளேயர் இருந்தா கார்ட்ரிட்ஜ் (முள் மாட்டியிருக்குற ஹெட்) செராமிக்கா மேக்னெட்டிக்கான்னு பாருங்க. செராமிக் வெயிட்டா அழுத்தி ஓடும், நல்ல ஸ்டீரியோ எல்பியை அரைச்சுரும், ஆசையா மூர் மார்க்கெட்ல தேடி வாங்கின இசைத்தட்டை அதுல போடாதீங்க. ஹெட்டை மாத்த முடிஞ்சா ஆடியோ டெக்னிகா 3600எல் மாதிரி ஒண்ணு போதும், 2.5ல இருந்து 3.5 கிராம் வெயிட்டுக்குள்ள வைங்க. கேசட் டெக் விஷயத்துக்கு வந்தா பெல்ட் கருப்பு பிசினா உருகிப்போயிருக்கும், அதை ஆல்கஹால்ல துடைச்சு புது பெல்ட், ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் சுத்தம், அவ்ளோதான்.

காசே இல்லாத அப்கிரேடு

நம்ம வீட்டு ஹால் மொசைக், டைல்ஸ், க்ரானைட், சுவர்ல ஒண்ணும் இருக்காது. நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டுங்க, டிங்னு திரும்ப ஒலிச்சா எவ்ளோ நல்ல செட்டும் அங்க கத்தத்தான் செய்யும். ஸ்பீக்கருக்கும் நீங்க உக்கார்ற இடத்துக்கும் நடுவுல ஒரு கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்கு தடி ஸ்க்ரீன், எதிர் சுவர்ல புத்தக அலமாரி, இது மூணும் ஒரு புது ஆம்பைவிட பெருசா வேலை செய்யும்.

ஸ்பீக்கரை ஷோகேஸ் உள்ள திணிக்காதீங்க, பீரோ மேலயும் ஏத்தாதீங்க. ட்வீட்டர் உங்க காது உயரத்துக்கு வரணும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல எவ்ளோ தூரமோ ஏறக்குறைய அதே தூரத்துல நீங்க உக்காரணும். மூலைல ஒட்டி வெச்சா பேஸ் கொழகொழன்னு வீங்கும், சுவர்ல இருந்து ஒரு அடி ஒன்றரை அடி இழுங்க. பேஸ் பத்தலைன்னா கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி தள்ளுங்க, குரல் சுத்தமா இருக்குற வரைக்கும்.

ஆம்ப் நிஜமாவே செத்துருச்சுன்னா

ட்ரான்ஸ்பார்மர் எரிஞ்சிருந்தாலோ, கிடைக்காத ஐசி போயிருந்தாலோ ரிப்பேருக்கு நாலாயிரம் கேப்பாங்க, அப்ப வேணாம்னு சொல்லிடுங்க. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸோட டிபிஏ 3116 சிப் போட்ட குட்டி ஆம்ப், 24 வோல்ட் அடாப்டரோட ரெண்டாயிரம் ரூபாய் பக்கம் வரும், ஃபோம் மாத்தின உங்க பழைய பெட்டியை அது நல்லாவே பாட வைக்கும். ஆனா அதுக்காக பழைய செட்டோட உள் சாமானை பிடுங்கிட்டு அந்த போர்டை உள்ள வெச்சு மூடாதீங்க. செத்த செட்டா இருந்தாலும் அந்த அலுமினிய முகப்பு, வியூ மீட்டர் (சத்தத்துக்கு ஏத்த மாதிரி ஆடுற மீட்டர்), நாப் எல்லாம் அதே மாடல் வெச்சிருக்குற யாருக்காவது வேணும், முழு செட்டா வித்தா ரெண்டாயிரத்துல பாதியாவது திரும்ப வந்துரும்.